மூடாமல் மூடும் கலை

பத்திரிகையை ஒழிக்க அதன் வாசலில் பூட்டுப் போடுகிறவன் அரசியலில் இன்னும் அரிச்சுவடி தாண்டாதவன். எகிப்தில் அப்படி இரண்டு பாஷாக்கள் இருந்தார்கள். 1928இல் பிரதமரான முகம்மது மஹ்மூத் பாஷா, நாடாளுமன்றத்தை மூன்றாண்டுக்கு மூட்டைகட்டி வைத்துவிட்டு, இரும்புக் கரம் கொண்டு ஆளப்போவதாகப் பெருமையடித்துக்கொண்டார். 1930இல் வந்த இஸ்மாயில் சித்கி பாஷா ஒருபடி மேலே போனார். 1923ஆம் ஆண்டின் அரசியல் சாசனத்தையே தூக்கி எறிந்துவிட்டு, மன்னர் ஃபுவாதின் இடுப்பளவுக்குப் பொருந்துகிற மாதிரி புதிதாக ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். இந்த இரண்டு பேருக்கும் கண்ணில் விழுந்த தூசி, கெய்ரோவிலிருந்து வந்துகொண்டிருந்த 'ரோஸ் அல்-யூசுஃப்' என்ற வார இதழ். பறிமுதல் செய்தார்கள், வழக்குப் போட்டார்கள், கடைசியில் இதழையே முடக்கினார்கள். வேலை முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

எங்கே முடிந்தது? உரிமம் வைத்துக்கொண்டு பத்திரிகை நடத்த வக்கில்லாதவர்கள் கெய்ரோவில் அன்றைக்கு நிறையப் பேர். இதழின் உரிமையாளரான அம்மையார் அவர்களில் ஒருவரைப் பிடித்து, அவருடைய பத்திரிகைப் பெயரை வாடகைக்கு எடுத்தார். அதே எழுத்து, அதே கார்ட்டூன், அதே வசவு; அட்டையில் மட்டும் 'அல்-ரகீப்' என்று வேறு பெயர். அரசு அதை மூடியது. 'சதா அல்-ஹக்' வந்தது. அதையும் மூடியது. 'அல்-ஷர்க் அல்-அத்னா' வந்தது, 'மிஸ்ர் அல்-ஹுர்ரா' வந்தது. சித்கி காலத்தில் 'அல்-சர்கா' வந்தது. வாசகர்கள் ஒருபோதும் குழம்பவில்லை. குழம்பியதெல்லாம் உள்துறை அதிகாரிகள்தான். எந்தப் பெயருக்கு ஆணை தட்டச்சு செய்வது என்று தெரியாமல் திண்டாடியிருப்பார்கள், பாவம்.

பத்திரிகையை அடக்குவது எப்படி என்று ஆட்சியில் இருப்பவர்களுக்கும், இனி வரப்போகிறவர்களுக்கும் ஒரு நல்ல பாடநூல் இல்லாத குறை நெடுநாளாக இருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்க இந்த ஓர் இதழின் வரலாறு போதும். 1925 அக்டோபர் 26இல் முதல் இதழ் வந்தது. இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. நூறு ஆண்டு. இதில் முதல் முப்பத்தைந்து ஆண்டு, அதைக் கொல்ல நினைத்த ஒவ்வோர் அரசும் தோற்ற கதை. அடுத்த அறுபத்தைந்து ஆண்டு, அதைக் கொல்லவே தேவையில்லை என்று ஓர் அரசு கண்டுபிடித்த கதை.

முதலில் அந்த அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபாத்திமா அல்-யூசுஃப். இன்றைய லெபனானின் திரிப்போலியில் பிறந்து, பெற்றோரை இழந்து, சிறுமியாக எகிப்துக்கு வந்து சேர்ந்தவர். பள்ளிக்கூடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாடக மேடைதான் எழுத்தும் உலகமும் கற்றுக்கொடுத்தது. அஜீஸ் ஈத், ஜார்ஜ் அப்யத், யூசுஃப் வஹ்பி என்று அந்தக் காலத்துப் பெரிய குழுக்களிலெல்லாம் நடித்து, 'கீழை உலகின் சாரா பெர்னார்ட்' என்று பெயர் வாங்கினார். மேடைப் பெயர் ரோஸ் அல்-யூசுஃப். புகழின் உச்சியில் இருக்கும்போது மேடையை விட்டு இறங்கி, கலைகளைப் பற்றி ஓர் இதழ் நடத்தப்போகிறேன் என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். இதழுக்குத் தன் பெயரையே வைக்கப்போகிறேன் என்றபோது சிரிப்பு இன்னும் கூடியது. கூத்தாடியின் பெயரில் பத்திரிகையா என்று மேட்டுக்குடிப் பெரியவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். கூட இருந்த முகம்மது அல்-தாபிஈக்கே அந்தப் பெயரில் திருப்தியில்லை. அம்மையார் கேட்கவில்லை. அல்-தாபிஈ எழுதினார், எகிப்திய இதழியலின் மொழியே அவர் பேனாவில் சுருங்கிச் சுறுசுறுப்பானது. நாடக விமர்சனத்தில் தொடங்கிய இதழ் சில ஆண்டுகளில் நாடாளுமன்றத்து நாடகத்தை விமர்சிக்க ஆரம்பித்தது. அல்-தாபிஈ சிறைக்கும் போய்வந்தார்.

கார்ட்டூன்களைச் சொல்லாமல் இந்த இதழைப் பற்றிப் பேச முடியாது. ஆர்மீனியரான அலெக்சாந்தர் சரூகான் 1924இல் எகிப்துக்கு வந்தவர். அவர் 1932இல் இந்த இதழுக்காக வரைந்த பாத்திரம் 'அல்-மஸ்ரி எஃபெந்தி'. குள்ளமான ஆள், மூக்கில் கண்ணாடி, தலையில் துருக்கித் தொப்பி, கையில் ஜெபமாலை. சம்பளக்காரன், வரி கட்டுகிறவன், எதுவும் தெரியாதவன் மாதிரி நின்று எல்லாவற்றையும் பார்க்கிறவன். பக்கத்தில் பாஷாக்களும் ஆங்கிலேயத் தூதரும் கொழுத்த வயிற்றோடு நிற்பார்கள். எஃபெந்தி அவர்கள் முழங்கால் உயரம்தான் இருப்பான். ஆனால் படத்தில் முட்டாளாகத் தெரிகிறவர் எப்போதும் உயரமானவராகவே இருப்பார். எழுத்தறிவு குறைவாக இருந்த நாட்டில் இந்தப் படங்களைப் படிக்க எழுத்து வேண்டியிருக்கவில்லை. பாஷாக்களுக்கு வயிற்றெரிச்சல் வந்ததில் வியப்பென்ன?

ஆட்சிக்காரர்கள் மட்டும்தான் பத்திரிகைக்கு எதிரி என்று நினைப்பவர்கள் 1935ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு அம்மையார் அதே பெயரில் நாளிதழும் தொடங்கினார். அப்பாஸ் மஹ்மூத் அல்-அக்காத், மஹ்மூத் அஸ்மி போன்ற பெரிய எழுத்துக்காரர்கள் சேர்ந்தார்கள். வஃப்து கட்சி அன்றைக்கு மக்கள் கட்சி, எதிர்க்கட்சி, சுதந்திரத்தின் காவலன். அம்மையாரும் அதன் பக்கம் நின்றவர்தான். சித்கியின் அடியை அதற்காகவே வாங்கியவர். ஆனால் அப்போதைய பிரதமர் தௌஃபீக் நசீமைத் தாக்க வேண்டாம், இப்போதைக்குக் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள் என்று கட்சி சொன்னது. பத்திரிகை அடக்கி வாசிக்கவில்லை. அவ்வளவுதான். இந்தப் பத்திரிகைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று கட்சி அறிவித்தது. நேற்றுவரை வாங்கிய தொண்டன் இன்று அலுவலகத்தின் முன் வந்து கூச்சல் போட்டான். விற்பனை சரிந்தது, கடன்காரர்கள் கதவைத் தட்டினார்கள், பெரிய எழுத்துக்காரர்கள் நடையைக் கட்டினார்கள். சுதந்திரத்தின் காவலர்களுக்கும் வேண்டியது ஜால்ராதான். என்ன, தாளம் மட்டும் வேறு. முந்தைய ஆண்டே அல்-தாபிஈ சரூகானையும் கூட்டிக்கொண்டு போய் 'ஆகிர் சாஅ' என்ற வார இதழைத் தொடங்கியிருந்தார். அம்மையாருக்கு எஞ்சியது வார இதழும் கடனும். அதை வைத்துக்கொண்டே மீண்டும் எழுந்தார்.

1945இல் மகன் வந்தார். இஹ்சான் அப்துல் குத்தூஸ், இருபத்தாறு வயது. எகிப்தில் உண்மையான மன்னராக நடந்துகொண்ட பிரிட்டிஷ் தூதர் லார்டு கில்லெர்ன் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதினார். சிறையில் போட்டார்கள். வெளியே வந்த மகனை அம்மா ஆசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த வீட்டில் பதவி உயர்வுக்குத் தகுதிச் சான்று அதுதான். அப்புறம் 1948 பாலஸ்தீனப் போர். படை தோற்றுத் திரும்பியது. சிப்பாய்களின் கையில் கொடுக்கப்பட்டது உருப்படாத ஆயுதம், அதில் தரகு தின்றவர்கள் அரண்மனைக்கு நெருக்கமானவர்கள் என்று இஹ்சான் 1950இல் தொடர்ந்து எழுதினார். நாடு கொதித்தது. விசாரணை நடந்தது. வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் 1953இல் விடுதலையானார்கள் என்பதையும், குற்றச்சாட்டு உள்ளதைவிடப் பெரிதாக ஊதப்பட்டது என்று பிற்பாடு வரலாற்றாசிரியர்கள் எழுதியதையும் மறைக்க வேண்டியதில்லை. பத்திரிகை எப்போதும் சரியாகத்தான் எழுதியது என்று யாரும் இங்கே சூடம் அணைக்கவில்லை. மன்னனின் கூட்டாளியிடம் கணக்குக் கேட்க ஒரு வார இதழால் முடிந்தது. மன்னராட்சியில், அந்நியப் படை சூயஸில் முகாமிட்டிருந்த நாட்டில் முடிந்தது. பிறகு வந்த குடியரசில்தான் முடியாமல் போயிற்று.

1952 ஜூலையில் இளம் அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். இஹ்சானுக்கு அவர்களில் பலர் நண்பர்கள். நாசரைச் செல்லமாக 'ஜிம்மி' என்று கூப்பிடுகிற அளவுக்கு நெருக்கம். அம்மாவுக்கு வயதாகியிருந்தது, ஆட்சிகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகியிருந்தது. 1953 மே மாதம் தன் இதழில் நாசருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். உங்களுக்கு ஒற்றுமை எவ்வளவு தேவையோ அவ்வளவு கருத்து வேறுபாடும் தேவை என்பது அதன் சாரம். நாசர் மரியாதையாகப் பதில் எழுதினார், இதழும் வெளியிட்டது. சுதந்திரத்தைக் கண்டு எனக்குப் பயமில்லை, அது பழையபடி காசுக்கு விற்கும் சரக்காகிவிடுமோ என்றுதான் பயம் என்றார். எவ்வளவு நல்ல மனசு! காசுக்கு யாரும் வாங்கிவிடக் கூடாதே என்ற கவலையில், ஏழு ஆண்டு கழித்து அரசே எடுத்துக்கொண்டது.

அதற்கு முன்னால் மகனுக்கு ஒரு சிறு பயிற்சி தேவைப்பட்டது. 1954 மார்ச்சில் இராணுவம் பாசறைக்குத் திரும்பப்போகிறது, கட்சிகள் வரப்போகின்றன என்று பேச்சு. இஹ்சான் அதை நம்பினார். எகிப்தை ஒரு ரகசியச் சங்கம் ஆள்கிறது, அது வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்று எழுதினார். இராணுவம் பாசறைக்குத் திரும்பவில்லை. இஹ்சான் இராணுவச் சிறைக்குப் போனார். ஏறத்தாழ மூன்று மாதம். ஆயுத ஊழலை எழுதியபோது அவரைத் தோளில் தூக்கிவைத்தவர்கள்தான் உள்ளே தள்ளினார்கள். வெளியே வந்ததும் நாசர் அழைத்து அன்போடு உபசரித்தார். ஆனால் 'ஜிம்மி' என்ற சொல் அதற்குப் பிறகு தன் வாயில் வரவில்லை என்று பிற்பாடு இஹ்சானே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அவர் நாவலுக்குள் அதிகம் போனார். நல்ல நாவல்கள், படமாகவும் ஓடின. ஆட்சியாளர்களுக்கு இந்த விஷயத்தில் இலக்கியம் கடன்பட்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

அம்மையார் 1958 ஏப்ரலில் காலமானார். 1960 மே 24இல் அந்தச் சட்டம் வந்தது.

பாஷாக்கள் கனவிலும் நினைக்காத சட்டம். பறிமுதல் என்ற சொல்லே அதில் இல்லை. பத்திரிகைத் துறையை ஒழுங்கமைக்கும் சட்டம் என்று பெயர். முதலாளித்துவத்தின் பிடியிலிருந்து பத்திரிகைகளை மீட்டு மக்களிடம் ஒப்படைக்கிறோம் என்று விளக்கம். அல்-அஹ்ராம், அக்பார் அல்-யவ்ம், தார் அல்-ஹிலால், ரோஸ் அல்-யூசுஃப் ஆகிய நான்கு நிறுவனங்களும் தேசிய ஒன்றியத்துக்குச் சொந்தம். தேசிய ஒன்றியம் யாருக்குச் சொந்தம் என்று கேட்கக் கூடாது. நாட்டில் இருந்த ஒரே அரசியல் அமைப்பு அதுதான், தலைவர் நாசர்தான். அந்த ஒன்றியத்தின் அனுமதிச் சீட்டு இல்லாதவர் பத்திரிகையில் வேலை செய்ய முடியாது. ஒரு அலுவலகத்துக்கும் பூட்டு இல்லை. ஒரு இதழும் நிற்கவில்லை. அச்சு இயந்திரம் ஓடியது, மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. அம்மா கட்டிய நிறுவனத்தில் மகனே அரசு நியமித்த தலைவராக உட்கார்ந்தார். இரும்புக் கரம் என்று மார் தட்டிய முகம்மது மஹ்மூத் பாஷா இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். மூடப்பட்ட பத்திரிகைக்காரன் பெயரை வாடகைக்கு எடுத்து மறுபடி வருவான். நியமிக்கப்பட்ட பத்திரிகைக்காரன் எங்கே போவான்? எந்தப் பெயரை எடுத்தாலும் உரிமம் கொடுப்பதும் அரசு, அச்சகமும் அரசு, விநியோகமும் அரசு. தணிக்கைக்காரனுக்குக்கூட வேலை குறைந்துவிடும். ஆசிரியரே காலையில் எழுந்து தன் தலையங்கத்தைத் தானே வெட்டிக்கொண்டு அலுவலகம் போவார். சித்கி அமர்த்திய அதிகாரி அச்சான பக்கத்தைத்தான் கிழித்தான். இந்த முறையில் பக்கம் எழுதப்படுவதற்கு முன்பே கிழிந்துவிடுகிறது. குப்பை இல்லை, சத்தம் இல்லை, வெளிநாட்டுச் செய்தியாளருக்குப் படம் எடுக்கப் பூட்டிய கதவும் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: எல்லாரும் உடனே மண்டியிட்டுவிடவில்லை. சலாஹ் ஜாஹீன், பஹ்கூரி, ஹிஜாஸி என்று அந்த நிறுவனத்தில் வளர்ந்த கார்ட்டூனிஸ்ட்களின் கோடு அரசு வந்த பிறகும் முற்றாக வளையவில்லை. எழுபதுகளின் நடுவில் அப்துல் ரஹ்மான் அல்-ஷர்காவி தலைவராகவும், சலாஹ் ஹாஃபிஸ், ஃபத்ஹி கானிம் இருவரும் ஆசிரியர்களாகவும் இருந்தபோது இதழுக்கு மீண்டும் உயிர் வந்தது. இடதுசாரிகள் எழுதினார்கள், மக்கள் தேடி வாங்கினார்கள். ஆனால் அந்த உயிரும் கடன் வாங்கியதுதான் என்பது 1977 ஜனவரியில் தெரிந்தது.

ஜனவரி 17 அன்று மாவு, சர்க்கரை, அரிசி, எரிவாயு என்று மானியங்களை அரசு வெட்டியது. 18, 19 தேதிகளில் அஸ்வானிலிருந்து அலெக்சாந்திரியா வரை ஏழைகள் தெருவில் இறங்கினார்கள். இராணுவம் வந்தது, ஊரடங்கு வந்தது, பல பத்துப் பேர் செத்தார்கள். மானிய வெட்டை அதிபர் சதாத் திரும்பப் பெற்றார். திரும்பப் பெற்றுவிட்டு, இது திருடர்களின் எழுச்சி என்றார். தன் சொந்தத் தீர்மானம் தவறு என்று வாபஸ் வாங்கிய அதே வாயால், அந்தத் தவறைத் தாங்க முடியாமல் கத்தியவனைத் திருடன் என்றார். 'ரோஸ் அல்-யூசுஃப்' திருடர் கதையை ஏற்கவில்லை. நெருப்பை மூட்டியது அரசின் முடிவு என்று எழுதியது. அணைத்த பெருமையைச் சதாத்துக்கே கொடுத்தும் எழுதியது. அதாவது இடித்த கையாலேயே கொஞ்சம் தடவியும் கொடுத்தது. போதவில்லை. ஆசிரியர்கள் தூக்கப்பட்டார்கள், சொன்னபடி கேட்பவர்கள் அமர்த்தப்பட்டார்கள். வாசகர்களும் தாங்களாகவே இதழை விட்டுப் போனார்கள். அவர்களை அனுப்பி வைக்க ஆணை எதுவும் தேவைப்படவில்லை.

1980இல் சதாத் இன்னும் ஒரு மெருகு ஏற்றினார். அரசுப் பத்திரிகைகளின் உரிமை ஷூரா மன்றம் என்ற மேலவைக்குப் போனது. மக்கள் மன்றமே பத்திரிகைக்கு முதலாளி, இதைவிட ஜனநாயகம் உண்டா? அந்த மன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை நாட்டின் தலைவர் நியமித்தார். மீதிப் பேர் தேர்தலில் வந்தார்கள். எப்படிப்பட்ட தேர்தல் என்று எகிப்தியரிடம் கேட்டால் சிரிப்பார்கள். ஆசிரியர்களை அந்த மன்றம் நியமித்தது. யார் சொல்லி நியமித்தது என்பது டீக்கடைப் பையனுக்கும் தெரியும்.

தொண்ணூறுகளில் ஒரு வேடிக்கை நடந்தது. தீவிர மதவாதிகள் எழுத்தாளர்களைக் கொல்லத் தொடங்கியிருந்தார்கள். 1992இல் ஃபரக் ஃபவ்தாவைச் சுட்டுக் கொன்றார்கள், 1994 அக்டோபரில் எண்பது வயது தாண்டிய நகீப் மஹ்ஃபூஸின் கழுத்தில் கத்தியைச் செருகினார்கள். அரசுக்கும் அவர்களோடு போர். அப்போது 'ரோஸ் அல்-யூசுஃப்' துணை ஆசிரியர் ஆதில் ஹம்மூதாவின் கையில் மீண்டும் சீறியது. 1994 ஜனவரியில், தடை செய்யப்பட்ட நூல்களிலிருந்து பகுதிகளை எடுத்து வெளியிட்டது. மத பீடமான அல்-அஸ்ஹர் கொதித்தது. விற்பனை ஏறியது. துணிச்சல்தான், சந்தேகமில்லை, எழுதியவர்கள் உயிரைப் பணயம் வைத்துத்தான் எழுதினார்கள். ஆனால் அவிழ்த்துவிட்ட கை யாருடையது என்பதும் மறக்கக் கூடாதது. எந்தத் திசையில் குரைக்கலாம் என்பது முடிவாகியிருந்தது. சங்கிலியின் நீளத்தைக் கொஞ்சம் தாண்டியதாகத் தோன்றியதும், 1998இல் ஹம்மூதாவைப் பெயர்த்து அல்-அஹ்ராமுக்கு அனுப்பினார்கள். இதழை நடத்த வந்தவர் முன்பு அதிபர் முபாரக்கின் செய்தித் தொடர்பாளராக இருந்தவர். இதற்கு மேல் எதற்கு ஒளிவு மறைவு? மாளிகையே நேராக வந்து ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

இனி வருவதைக் கேலியாக எழுதக் கை வரவில்லை. 2005 கோடையில் கரம் கப்ர் நிறுவனத் தலைவர், அப்துல்லா கமால் ஆசிரியர். ஆகஸ்டில் அதே பெயரில் நாளிதழும் தொடங்கப்பட்டது. 1935இல் அம்மையார் கடன் வாங்கி நடத்தி, கட்சிக்குப் பணியாமல் நொடித்துப்போன நாளிதழின் பெயர். எழுபது ஆண்டு கழித்து அதை மக்கள் வரிப்பணத்தில் உயிர்ப்பித்து, முபாரக்கின் மகன் ஜமாலின் கொள்கைக் குழுவுக்குத் தாரை வார்த்தார்கள். அப்பாவுக்குப் பிறகு மகன் என்று கட்டிய பல்லக்கைத் தூக்குவதற்கு ஓர் அச்சகமே வேலை செய்தது. கேள்வி கேட்ட பத்திரிகையாளனை நாள்தோறும் வைதார்கள். இந்த ஆட்சி 'போதும்' என்று தெருவில் நின்றவனை அந்நியக் கைக்கூலி என்றார்கள். நோபல் பரிசு வாங்கிய முகம்மது அல்-பரதெய் 2010இல் நாடு திரும்பி, தேர்தல் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று வாய் திறந்ததும் அவர்மேல் சேற்றை வாரி இறைத்த அரசுப் பத்திரிகைக் கூட்டத்தில் முதல் வரிசையில் இருந்தது இதுதான். லார்டு கில்லெர்னைப் போகச் சொன்ன இதழின் பெயரில்! அரண்மனைத் தரகர்களை அம்பலப்படுத்திய இதழின் பெயரில்! பத்திரிகையை மூடுவது ஒரு குற்றம். மூடாமல் வைத்துக்கொண்டு அதன் வாயால் அடுத்தவனைக் கடிக்கவைப்பது அதைவிடக் கேவலமான குற்றம். முன்னதற்கு முரட்டுத்தனம் இருந்தால் போதும். பின்னதற்குப் படித்தவர்களின் ஒத்துழைப்பு வேண்டும். அது தாராளமாகக் கிடைத்தது.

2011 பிப்ரவரி 11இல் முபாரக் விழுந்தார். அடுத்த மாதமே அரசுப் பத்திரிகைகளின் தலைமைகள் மாற்றப்பட்டன. கரம் கப்ரும் அப்துல்லா கமாலும் போனார்கள். நேற்றுவரை சதிகாரர்கள் என்று வையப்பட்ட, தஹ்ரீர் சதுக்கத்தில் போராடிய இளைஞர்கள் இன்று மாவீரர்கள் ஆனார்கள். அரசுப் பத்திரிகைகள் எல்லாமே அப்படித்தான் ஒரே இரவில் மறுபிறவி எடுத்தன. பிறகு இராணுவக் குழு, பிறகு மோர்சி, பிறகு சிசி என்று ஆட்சி மாறிய ஒவ்வொரு முறையும் முதலாளி மாறினார். பத்திரிகையின் முதுகெலும்பு மாறவில்லை, இருந்தால்தானே மாற?

கரம் கப்ர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? திறமை வீண்போவதில்லை. 2017இல் எல்லா அரசுப் பத்திரிகைகளையும் மேய்க்கும் தேசியப் பத்திரிகை ஆணையத்தின் தலைவர் ஆனார். 2020இல் நாட்டின் ஒட்டுமொத்த ஊடகத்தையும் ஒழுங்குபடுத்தும் உச்ச மன்றத்துக்குத் தலைவர் ஆனார். 1945இல் சிறைக்குப் போய்வந்தவருக்கு ஆசிரியர் நாற்காலி கிடைத்தது என்றேன் அல்லவா? தகுதிச் சான்றின் இலக்கணம் மாறிவிட்டது, அவ்வளவுதான். இந்த மன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கும் 2018ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. சமூக ஊடகத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் பின்தொடரும் தனிமனிதனையும் பத்திரிகைபோல் கண்காணிக்கலாம், தடுக்கலாம். அச்சகம் இல்லாத, உரிமம் கேட்காத, பெயரைக்கூட வாடகைக்கு எடுக்கத் தேவையில்லாத அல்-மஸ்ரி எஃபெந்தி கைபேசியை எடுத்துக்கொண்டு தானே எழுத வந்துவிட்டான். அவனுக்கும் சட்டம் தயார். 2017 மே மாதம் இருபத்தொரு செய்தித் தளங்களை ஒரே வீச்சில் முடக்கித் தொடங்கிய வேலை பிறகு நூற்றுக்கணக்கில் போனது. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் 2025 பட்டியலில் 180 நாடுகளில் எகிப்துக்கு 170ஆவது இடம். கடைசி பத்தில் இடம்பிடிக்க இன்னும் ஒரு படிதான் பாக்கி.

இதற்கிடையில் அரசுப் பத்திரிகை நிறுவனங்களின் கடன் கோடிக்கணக்கான பவுண்டு. நம்பி வாங்குகிறவன் இல்லை, விளம்பரம் இல்லை. ஆனாலும் வண்டி ஓடுகிறது, அரசு ஓட்டுகிறது. கடனுக்கு அஞ்சி 1935இல் தவித்த அந்த அம்மையார் இன்று இருந்திருந்தால் வயிறு எரிந்திருப்பார். படிக்கவே ஆளில்லாத பத்திரிகைக்கு இவ்வளவு கடன் கொடுக்கிறானே, படிக்க ஆள் அலைமோதிய என் இதழுக்கு ஒருவனும் கொடுக்கவில்லையே என்று.

ஆகவே கெய்ரோவின் அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். கட்டடம் உங்களிடமே இருக்கட்டும். அச்சு இயந்திரம், வண்டிகள், ஊழியர் பட்டியல், கடன் புத்தகம் எல்லாம் இருக்கட்டும். நாளை யாரைத் தலைவராகப் போடுவது, நாளன்றைக்கு யாரைப் புகழ்வது என்பதும் உங்கள் விருப்பம். அட்டையில் இருக்கும் அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள். அது சட்டத்தில் வந்த பெயர் அல்ல, மன்றம் நியமித்த பெயரும் அல்ல. சிரித்தவர்கள் முன்னால் ஒரு நடிகை தைரியமாகத் தன் இதழுக்கு வைத்துக்கொண்ட சொந்தப் பெயர். உங்கள் இதழுக்கு வேறு பெயர் வையுங்கள். உங்களுக்குத்தான் உரிமம் வாடகைக்கு எடுக்க வேண்டிய கஷ்டம் இல்லையே.